ஆளை எடுத்தவரை எப்படி எடை போடுவது?

ஆட்டக்காரரைப் பற்றி எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு இருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே யாரை எடுத்திருக்கணும், யாரைக் கழட்டி விட்டிருக்கணும் என்று சொல்லிவிடலாம். ஆனா அந்த ஆட்டக்காரரை எடுத்தவர் நல்லா எடுத்தாரா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும். ஒன்று, "கப் ஜெயிச்சாங்களா இல்லையா?" இன்னொன்று, "அந்த ஆளைக் கண்டுபிடிச்சதே இவர்தானே!" இரண்டுமே எடை போடுவதற்கு உதவாத கற்கள். ஏன் உதவாது, வேறு எந்தக் கல்லை வைத்து எடை போடலாம் என்று ஹாக்கியை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் வட அமெரிக்காவுக்குப் போகணும். நம்ம ஹாக்கி இல்லை, பனித்தரையில் ஆடும் ஹாக்கி. ஆனா ஆள் எடுக்கிற வேலையை ஒரு தொழிலாகவே நடத்தி, வருஷாவருஷம் யார் யாரை எத்தனாவதாக எடுத்தார்கள் என்ற பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறவர்கள் அவர்கள். அங்கே நேஷனல் ஹாக்கி லீகில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஜெனரல் மேனேஜர். ஒவ்வொரு கோடையிலும் பதினெட்டு வயது சுமாரில் உள்ள பையன்களை அணிகள் முறை வைத்து எடுப்பார்கள். இதுக்குப் பேர் டிராஃப்ட். போன சீசனில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை, உச்ச இடங்களுக்கு மட்டும் ஒரு குலுக்கல். இன்றைக்கு 32 அணிகள், 7 சுற்று. ஆக ஒரு வருஷத்துக்கு 224 பெயர்கள்.

டெட்ராய்ட் புராணம்

டிராஃப்ட் என்றாலே எல்லோரும் சொல்லும் கதை டெட்ராய்ட் ரெட் விங்ஸ். 1989-இல் அவர்கள் எடுத்த பட்டியலைப் பாருங்க. 53-ஆவதாக நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், 74-ஆவதாக செர்கெய் ஃபெடரோவ், 221-ஆவதாக விளாடிமிர் கான்ஸ்டான்டினோவ். அதோடு நிற்கவில்லை. 1998-இல் 171-ஆவதாக பாவெல் தத்சுக், 1999-இல் 210-ஆவதாக ஹென்ரிக் ஜெட்டர்பெர்க். 1997, 1998, 2002, 2008 என்று நான்கு ஸ்டான்லி கோப்பைகள். நான்கிலும் லிட்ஸ்ட்ரோம் இருந்தார். கேட்டதும் தோன்றுவது: "என்னா கண்ணுடா இவங்களுக்கு!"

கொஞ்சம் நின்று யோசித்தால் ஒரு கேள்வி உறுத்தும். தத்சுக் இவ்வளவு பெரிய ஆள் என்று டெட்ராய்டுக்கு முன்னாடியே தெரிந்திருந்தால், அவரை ஏன் 171-ஆவது இடம் வரை விட்டு வைத்தார்கள்? அந்த வருஷம் அவருக்கு முன்னால் டெட்ராய்டே வேறு பையன்களை எடுத்தது. அதாவது அவரை மற்ற அணிகள் தாண்டிப்போனது போலவே டெட்ராய்டும் சில தடவை தாண்டித்தான் போனது.

இதுக்கு டெட்ராய்ட் பக்கத்திலிருந்து ஒரு நியாயமான பதில் உண்டு. மற்றவர்களுக்குத் தெரியாத ஆளை முதல் சுற்றிலேயே எடுப்பது வீண் செலவு. கடைசி வரை அவர் மிச்சமிருப்பார் என்று தெரிந்தால், அந்த இடத்தில் வேறொருவரை எடுத்துக்கொண்டு காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். சரிதான். ஆனா இந்தப் பதிலை ஏற்றால், டெட்ராய்டின் பலம் கண்ணில் இருந்ததா, காலில் இருந்ததா என்ற கேள்வி வந்துவிடுகிறது. தத்சுக்கைப் பார்த்த ஹோகன் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன்காரர், ரஷ்யாவுக்குப் போனது வேறொரு ஆட்டக்காரரைப் பார்க்க. எதிரணியில் ஆடிய மெலிந்த பையன் கண்ணில் பட்டான். கண்ணில் பட வேண்டும் என்றால் முதலில் அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற அணிகளில் பலவும் அந்தப் பக்கம் ஆளே அனுப்பவில்லை.

ஃபெடரோவ் விஷயம் இன்னும் தெளிவு. 1989-இல் சோவியத் யூனியன் உடையவில்லை. அவர் திறமை பற்றி யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. அவர் அமெரிக்கா வந்து சேருவாரா என்பதில்தான் சந்தேகம். அதனால்தான் 74-ஆவது இடம் வரை இறங்கினார். அடுத்த வருஷமே, அமெரிக்காவுக்கு ஆட வந்த சோவியத் அணியிலிருந்து நழுவி டெட்ராய்டில் சேர்ந்துவிட்டார். இங்கே டெட்ராய்ட் ஜெயித்தது திறமையைக் கணித்து இல்லை, அரசியல் சிக்கலைத் துணிந்து ஏற்றுக்கொண்டு. அதுவும் ஒரு திறமைதான். ஆனா வேறு திறமை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி "கண்" என்று பெயர் வைத்தால் அடுத்தவர் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

அதே அணியின் இன்னொரு கதை இதைவிட ருசியானது. 1983 டிராஃப்டில் நான்காவதாக ஸ்டீவ் ஐசர்மனை எடுத்தார்கள். இருபது வருஷம் போல் கேப்டன், மூன்று கோப்பை. எடுத்தவர் ஜிம் டெவெல்லானோ. ஆனா அவர் மனசில் இருந்தது ஐசர்மன் இல்லை. மிச்சிகன் மாநிலத்திலேயே வளர்ந்த பாட் லாஃபாண்டேன். அவரை மூன்றாவது இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் தட்டிக்கொண்டு போனதால், மிச்சமிருந்த ஐசர்மனை டெட்ராய்ட் எடுத்தது. லாஃபாண்டேனும் பெரிய ஆட்டக்காரர்தான். விஷயம் அதுவல்ல. ஒரு மேலாளர் வாழ்நாளின் மிகச் சிறந்த தேர்வு என்று ஊரே சொல்வது, அவருடைய இரண்டாவது விருப்பம். ஐலண்டர்ஸ் அன்றைக்கு வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் டெட்ராய்டின் வரலாறே வேறு. இதுக்கு மதிப்பெண் போடும்போது டெவெல்லானோவுக்கு எத்தனை, ஐலண்டர்ஸ் மேலாளருக்கு எத்தனை?

அப்போ எப்படி அளப்பது?

என் கணக்கில் மூன்று விஷயம் பார்க்கணும்.

முதலாவது, இடத்தின் விலை. முதல் இடத்தில் எடுத்தவர் நல்லா ஆடினால் அதில் மேலாளருக்குப் பெரிய பெருமை இல்லை. அந்த இடம் யார் கையில் இருந்தாலும் ஏறக்குறைய அதே பையனைத்தான் எடுத்திருப்பார்கள். அதே மாதிரி 200-ஆவது இடத்தில் எடுத்தவர் சோபிக்கவில்லை என்றால் அது குற்றமும் இல்லை, அங்கே எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் லீகில் காலூன்றுவதே இல்லை. ஆகவே கேள்வி இப்படி இருக்கணும்: அந்த இடத்தில் சராசரியாக என்ன கிடைக்குமோ, அதைவிட இவருக்கு எவ்வளவு கூடக் கிடைத்தது?

இரண்டாவது, முழுப் பட்டியல். ஒரு தத்சுக்கைச் சொல்லி ஒருவரைப் புகழ்வதும், ஒரு பாட்ரிக் ஸ்டெஃபானைச் சொல்லி ஒருவரை ஏசுவதும் ஒரே வகைத் தப்பு. 1999-இல் அட்லாண்டா முதலாவதாக ஸ்டெஃபானை எடுத்தது, அடுத்த இரண்டு இடங்களில் செடின் இரட்டையர்கள் வான்கூவருக்குப் போனார்கள். ஸ்டெஃபான் சோபிக்கவில்லை, இரட்டையர்கள் பதினேழு சீசன் ஆடினார்கள். நினைவில் நிற்பது உச்சமும் பள்ளமும்தான். ஆனா ஒரு மேலாளர் பத்து வருஷத்தில் எழுபது பேரை எடுத்திருப்பார். மிச்ச அறுபத்தெட்டு பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டை வைத்து கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இருவர் செய்த ஆய்வு இதில் பேர் பெற்றது. (தேலர் பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கியவர்.) ஒரே ஆடுநிலையில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னவரைவிட நல்லா ஆடுவாரா என்று பார்த்தார்கள். நாணயம் சுண்டிப்போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். அப்படி இருந்தும் முன்னால் இடம் பிடிக்க அணிகள் அள்ளிக் கொடுக்கின்றன. தன் கண் மேல் வைக்கிற அளவுக்கு மீறிய நம்பிக்கைதான் காரணம் என்பது அவர்கள் முடிவு.

மூன்றாவது, எல்லோரும் சேர்ந்து செய்கிற தப்பு. ஒரு மேலாளரை இன்னொரு மேலாளரோடு மட்டும் ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது. பனித்தரை ஹாக்கியில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பதினொரு மாசம் மூத்தவன் பத்து வயதில் உயரமாக, வேகமாக இருப்பான். அவனுக்குத்தான் நல்ல கோச், கூடுதல் நேரம் எல்லாம். கனடா ஆட்டக்காரர்களை வைத்து ராபர்ட் டீனரும் கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எடுக்கப்பட்டவர்களில் 36 சதவீதம் வருஷத்தின் முதல் மூன்று மாசத்தில் பிறந்தவர்கள். ஆனா அவர்கள் ஆடியது மொத்த ஆட்டங்களில் 28 சதவீதம்தான். ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் எடுக்கப்பட்டவர்களில் 34 சதவீதம், ஆடியதோ 42 சதவீதம். அதாவது அத்தனை அணிகளின் அத்தனை நிபுணர்களும் சேர்ந்து, மூப்பைத் திறமை என்று பல வருஷம் தப்பாக வாசித்திருக்கிறார்கள். பிறந்த தேதியோ எல்லாருடைய கையிலும் இருந்த தகவல்.

நம்ம ஏலம்

இப்போ புல்தரை ஹாக்கிக்கு வருவோம். ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு ஹாக்கி இந்தியா லீக் திரும்பியபோது, 2024 அக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய், 24 பேர். அதில் குறைந்தது 16 இந்தியர்கள், அந்தப் பதினாறில் நால்வர் ஜூனியர்கள். அதிக விலை இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்குக்கு, 78 லட்சம், சூர்மா ஹாக்கி கிளப். அபிஷேக்குக்கு 72 லட்சம், ஜுக்ராஜ் சிங்குக்கு 48 லட்சம், இரண்டும் ராட் பெங்கால் டைகர்ஸ்.

2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்கால் அணி ஹைதராபாத் டூஃபான்ஸை 4-3 என்று ஜெயித்தது. ஜுக்ராஜ் மூன்று கோல். சூர்மாவுக்கு மூன்றாமிடம், தமிழ்நாடு டிராகன்ஸுக்கு நான்காமிடம். உடனே "78 லட்சம் வீண், 48 லட்சம் லாபம்" என்று எழுதிவிடலாம். எழுதவும் செய்தார்கள். ஆனா ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டம் அது. கடைசியில் ஒரு பெனால்டி கார்னர் மாறிப்போயிருந்தால் அதே ஏலம் முட்டாள்தனம் ஆகியிருக்குமா? கப்பை வைத்து ஏலத்தை அளப்பது, அறுவடை நாள் பெய்த மழையை வைத்து விதைத்தவனை அளப்பது மாதிரி.

விலையை வேறு விதமாகப் பார்க்கலாம். ஒருவருக்கு 78 லட்சம் கொடுத்தால், மிச்ச 23 பேருக்கு 3 கோடியே 22 லட்சம், ஆளுக்குச் சராசரி 14 லட்சம். ஹர்மன்பிரீத் 78 லட்சத்துக்குப் பெறுமானமா என்பதைவிட, அவருக்குப் பதில் வேறு இருவரை எடுத்திருந்தால் அணி கூடுதலாக எத்தனை கோல் அடித்திருக்கும் என்பதுதான் சரியான கேள்வி. உலகத்தின் தலைசிறந்த டிராக் ஃபிளிக்கர்களில் ஒருவர் அவர். பெனால்டி கார்னரை கோலாக்கத் தெரிந்தவர் ஒரு அணிக்கு ஒருவர் போதும், இரண்டாவது ஆள் பாதிதான் பெறுவார். அதனால் அந்த விலை அசட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. ஏலத்துக்கும் டிராஃப்டுக்கும் அடிப்படை வித்தியாசம் உண்டு. ஏலத்தில் ஒருவரை ஜெயித்தோம் என்றால், அறையில் இருந்த எல்லோரையும்விட நாம்தான் அவரை அதிகமாக மதிப்பிட்டோம் என்று அர்த்தம். எல்லோருடைய கணிப்பிலும் பிசகு உண்டு என்றால், மேல்பக்கம் அதிகமாகப் பிசகியவர் கையில்தான் சுத்தியல் விழும். டிராஃப்டில் இந்த ஆபத்து வேறு மாதிரி வரும். அதோடு, ஏலத்தில் விற்பவர்களில் பலர் ஒலிம்பிக் ஆடி, ஊரறிந்த ஆட்டக்காரர்கள். அவர்களை வாங்கக் கண் தேவையில்லை, கணக்கு போதும். கண் தேவைப்படும் இடம் அந்த நான்கு ஜூனியர்கள் மட்டும்தான். ஒரு அணி நிர்வாகம் ஆள் எடுப்பதில் கெட்டிக்காரர்களா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு தந்தால், 78 லட்சத்தைப் பார்க்கமாட்டேன். அந்த நான்கு பேரும் ஐந்து வருஷம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஆனா ஏலச் செய்திகளில் அவர்கள் பேர் கடைசி பத்தியில்கூட வராது.

கண்டுபிடிப்பது ஒன்று, வைத்துக்கொள்வது ஒன்று

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டிலிருந்து ஒரு எடுத்துக்காட்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது, அடிப்படை விலை 10 லட்சம். ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த வருஷப் பெரிய ஏலத்தில் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார வைத்தது. 2020-இல் 16 விக்கெட், அந்த வருஷக் கடைசியில் தொடங்கிய ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்திய அணியில் அறிமுகம். அதே பஞ்சாப் 2019-க்கான ஏலத்தில் வருண் சக்ரவர்த்தியை 8.4 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 20 லட்சம். ஒரு ஆட்டம் ஆடினார், காயம், விடுவித்தார்கள். கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020-இல் 17 விக்கெட்.

இரண்டு பேரையும் முதலில் கண்டுகொண்டது பஞ்சாப்தான். ஆகவே "பஞ்சாபுக்கு ஆள் எடுக்கத் தெரியாது" என்பது தப்பு. எடுக்கத் தெரிந்தது. காத்திருக்கத் தெரியவில்லை, அல்லது 2018 பெரிய ஏலத்தின் விதிமுறை காத்திருக்க விடவில்லை. டெட்ராய்டில் தத்சுக்கை எடுத்த பிறகு மூன்று வருஷம் ரஷ்யாவிலேயே ஆடவிட்டார்கள், 2001-இல்தான் கூப்பிட்டார்கள். அவசரப்பட்டு வரவழைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இருந்திருக்காது. ஆள் எடுப்பவரின் மதிப்பெண்ணில் பாதி, எடுத்த பிறகு அந்தப் பையனை வளர்த்தவர்களுக்குச் சேரணும்.

அஞ்செட்டியிலிருந்து பார்த்தால்

இதெல்லாம் எங்கோ நடக்கும் கோடிக்கணக்கு என்று தோன்றலாம். எனக்கு இதில் அக்கறை வருவது வேறு காரணத்துக்காக.

இந்திய ஹாக்கியின் வரைபடத்தைப் பாருங்க. ஒடிசாவில் சுந்தர்கர் மாவட்டம். அங்கே சௌனாமாரா என்ற ஒரே கிராமத்திலிருந்து திலீப் திர்க்கியும் அமித் ரோஹிதாஸும் வந்தார்கள். பஞ்சாபில் சன்சார்பூர். கர்நாடகத்தில் குடகு, 1997-லிருந்து குடும்பம் குடும்பமாக அணி கட்டி ஹாக்கித் திருவிழாவே நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் கோவில்பட்டி. கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், உருவானது கோவில்பட்டியில். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக, தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்தார். மாரீஸ்வரன் சக்திவேலும் கோவில்பட்டியிலிருந்து அதே அணியில் ஆடினார். இந்த ஊர்க்காரர்கள் ரத்தத்திலேயே ஹாக்கி இருக்கிறது என்று எழுதுவது சுலபம். அங்கே மைதானம் இருந்தது, போட்டி நடந்தது, பார்க்க ஆள் வந்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிகிற காரணம். அரியலூர்ப் பையன் கோவில்பட்டி போனதால்தான் கண்ணில் பட்டான்.

இங்கே அஞ்செட்டிப் பக்கம் நிலைமை வேடிக்கையானது. இந்திய ஹாக்கி அணியின் தேசிய முகாம் நடக்கும் பெங்களூரு சாய் மையம், ஓசூர் வழியாகப் போனால் சுமார் 100 கிலோமீட்டர்தான். சென்னை அதைப்போல மூன்று மடங்கு. ஆனா மாநில எல்லை நடுவில் இருக்கிறது. நம்ம பிள்ளை தமிழ்நாட்டுக் கணக்கில்தான் வரணும். காட்டோர ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, மாவட்டத் தலைநகருக்குப் போய், தூக்கக் கலக்கத்தோடு ஒரு மணி நேர டிரயல்ஸில் ஓடிக் காட்டணும். அன்றைக்குச் சரியாக ஓடவில்லை என்றால் அவ்வளவுதான். ராகிக் களியும் மலைப்பாதையும் பழகிய கால் எவ்வளவு தாங்கும் என்று அந்த ஒரு மணி நேரத்தில் யார் பார்க்க முடியும்?

தேர்வாளர்களைத் திட்டுவதில் பயன் இல்லை. டெட்ராய்ட் கதையிலிருந்து நமக்கு எடுத்துக்கொள்ள இருப்பது ரஷ்யாவுக்குப் போன அந்தக் கால்தான். கண் இருக்கிறவர்கள் நம்மிடமும் உண்டு, பல அரசுப் பள்ளிகளில் ஒரு பி.இ.டி. சார் இருக்கிறார். அவர் ஒரு பையனை மூன்று வருஷம் தினமும் பார்க்கிறார். டிரயல்ஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிஷம் பார்க்கிறார். முடிவு மட்டும் பத்து நிமிஷக்காரருடையது.

செலவே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டு. ஒவ்வொரு டிரயல்ஸிலும் எடுத்தவர் பெயரோடு எடுக்காதவர் பெயரையும் எழுதி வைக்கணும். பிறந்த மாசம், உயரம், பி.இ.டி. சார் சொன்ன ஒரு வரி. மூன்று வருஷம் கழித்து இரண்டு பட்டியலையும் திரும்பப் பார்க்கணும். எடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள்? விட்டவர்களில் யாராவது வேறு வழியில் மேலே வந்தார்களா? எடுத்தவர்களில் பாதிப் பேர் வருஷத்தின் முதல் சில மாசங்களில் பிறந்தவர்களாக இருந்தால், தேர்வாளர் திறமையை எடுக்கவில்லை, வயதை எடுத்திருக்கிறார் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷம் ஆகஸ்டில் பிறந்த பொடியனை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தால் போதும்.

நேஷனல் ஹாக்கி லீகின் மேலாளர்களைப் பற்றி இவ்வளவு துல்லியமாக விமர்சனம் எழுத முடிவது, அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதால் இல்லை. அவர்கள் செய்த தப்பெல்லாம் வரிசை எண்ணோடு பதிவாகி இருக்கிறது. நம்ம தேர்வாளர்கள் செய்த தப்பு மாலை பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுகிறது. அடுத்த மாசம் அவன் ஓசூரில் ஏதோ ஒரு கம்பெனி வேலைக்கோ, அப்பாவோடு ராகிக் காட்டுக்கோ போய்விடுகிறான். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.